அச்சத்தையும் அளந்து பார்ப்போம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

 

நம் ஜமாஅத் நடத்தி வரும் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை முகாமைப் பற்றிச் செயலாளர் அவர்கள் சற்று முன்னர் அறிக்கை வாசித்தார்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம். சில நொடிகளில் ஓர் எண். அந்த எண்ணைக் கண்டு சிலர் மகிழ்ந்து திரும்புகின்றனர். சிலர் மருத்துவரிடம் விரைகின்றனர். அளந்து பார்த்ததால் விளைந்த நன்மை இது. அதே மனிதரின் உள்ளத்தில் குடிகொண்டிருக்கும் அச்சத்தையும் சோர்வையும் நாம் அளந்து பார்த்ததுண்டா? அவற்றை அளக்க இயலுமா? அளந்தால் என்ன பயன்? இம்மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய உரையின் நோக்கம்.

நமக்கேன் இந்தப் பேச்சு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடத்தப்பட்ட பெரும் ஆய்வொன்றின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டு வெளியாயின. அதன்படி நம் நாட்டில் நீரிழிவு நோய் உடையோர் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர். தமிழ்நாட்டில் இவ்விகிதம் தேசியச் சராசரியை விஞ்சி நிற்கிறது. நம் மஹல்லாவில் சர்க்கரை மாத்திரை இல்லாத வீடுகளை எண்ணுவதே எளிது என்று பெரியவர்கள் வேடிக்கையாகக் கூறுவது வெறும் வேடிக்கையன்று.

இத்தகைய மக்கள் மீதுதான் 2020-ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்று வந்து இறங்கியது. அவ்வாண்டு மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதனைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. அந்த ஏப்ரல் இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழகத்தில் பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் நமது கிருஷ்ணகிரி மாவட்டமே. அதாவது, தொற்று நம்மை வந்தடைவதற்கு முன்பே அதனைப் பற்றிய அச்சம் வந்தடைந்துவிட்டது. தொலைக்காட்சியும் கைபேசியும் அதனைச் சுமந்து வந்தன.

சர்க்கரை நோயாளிகளுக்கு அவ்வச்சம் இரட்டிப்பாயிற்று. 'சர்க்கரை உள்ளவர்களுக்கு வந்தால் பிழைப்பது அரிது' என்ற செய்தி வீட்டுக்கு வீடு பரவியது. மாத்திரை வாங்கவும் மருத்துவரைக் காணவும் பெங்களூர் சென்று வந்தவர்களுக்கு ஜூஜூவாடியும் அத்திப்பள்ளியும் திடீரென வேறு நாட்டின் எல்லைபோல் ஆயின. காலையில் கால்நடைப் பண்ணைச் சாலையில் நடந்து வந்த பெரியவர்களின் நடை நின்றது. சிப்காட் ஆலைகள் மூடப்பட்டதால் பிள்ளைகளின் ஊதியம் நின்றது. ரமலானில் பள்ளிவாசல் கதவுகள் மூடியிருந்தன. நோயாளிக்கு உடலின் ஒழுங்கும் உள்ளத்தின் ஆறுதலும் ஒரே வேளையில் பறிபோயின.

2021-இல் இரண்டாம் அலை வந்தபோது கறுப்புப் பூஞ்சை என்னும் புதிய பெயரும் சேர்ந்து கொண்டது. கட்டுப்பாடற்ற சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தும் கூடிய இடத்தில் அது மிகுதியாகத் தாக்கியதால், சர்க்கரை நோயாளிகளின் நடுக்கம் மேலும் பெருகிற்று.

அச்சத்திற்கு அடிப்படை இருந்ததா?

நேர்மையாகச் சொல்வதாயின், இருந்தது. 2020 மார்ச் 1 முதல் மே 11 வரை இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் கொரோனாவால் மரணித்த 23,698 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நீரிழிவு உடையவர். ஆகவே, அஞ்சிய சர்க்கரை நோயாளியை நோக்கி 'வீண் பயம்' என்று கூறியது முறையன்று. எனினும் அதே நாட்டில் நடந்த மற்றோர் ஆய்வு, நீரிழிவு உடையோருக்குள்ளும் சர்க்கரை கட்டுப்பாடின்றி மிகுந்திருந்தோருக்கு மரண அபாயம் கூடுதல் என்று காட்டியது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல் அந்த அபாயத்தைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாக இருந்தது.

இங்கேதான் அச்சம் தன் எல்லையைக் கடந்து தீங்காக மாறிய இடத்தைக் காண்கிறோம். ஓரளவு அச்சம் மனிதனை முகக்கவசம் அணியச் செய்தது; கைகளைக் கழுவச் செய்தது; மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ளச் செய்தது. அளவு கடந்த அச்சமோ அவனை மருத்துவமனையின் வாசலையே மிதிக்க விடாமல் தடுத்தது. கண் பரிசோதனை தள்ளிப் போயிற்று. காலில் தோன்றிய புண் மறைக்கப்பட்டது. அச்சம் மிகும்போது உடலில் அட்ரினலின், கார்டிசால் ஆகிய சுரப்புகள் பெருகுகின்றன. அவை கல்லீரலில் இருந்து சர்க்கரையை இரத்தத்தில் கலக்கச் செய்கின்றன. எதற்கு அஞ்சினானோ அதன் அபாயத்தை அவ்வச்சமே வளர்த்துவிடுகிறது. நன்மை செய்யும் அச்சம் எது, தீமை செய்யும் அச்சம் எது என்று பிரித்தறியவே அளவுகோல் வேண்டும்.

அளக்கும் கோல்கள்

இத்தேவையை உணர்ந்த ஆய்வாளர்கள் சிலர் 2020-ஆம் ஆண்டிலேயே கொரோனா அச்சத்தை அளக்கும் வினாத்தாள் ஒன்றை உருவாக்கினர். ஈரான் நாட்டில் 717 பேரிடம் வினவி அது சோதித்துப் பார்க்கப்பட்டது. அதில் ஏழே வினாக்கள். நோயை நினைக்கையில் மனம் கலங்குகிறதா, உயிர் போய்விடும் என்று அஞ்சுகிறீர்களா, செய்தி கேட்கையில் பதற்றம் வருகிறதா, உள்ளங்கை வியர்க்கிறதா, உறக்கம் கெடுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா என்னும் வகையில் அவை அமைந்துள்ளன. ஒவ்வொரு வினாவுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆகக் குறைந்தது 7. ஆக மிகுந்தது 35. எண் உயர உயர அச்சம் மிகுதி. பின்னர் உலகின் பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது. நீரிழிவு உடையோரிடமும் பயன்பட்டது.

மனச்சோர்வை அளப்பதற்கோ அதற்கு முன்பே, 2001-ஆம் ஆண்டு, ஒன்பது வினாக்கள் கொண்ட தாள் ஒன்று அமெரிக்க மருத்துவர்களால் வெளியிடப்பட்டிருந்தது. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமின்மை, மனவாட்டம், உறக்கக் கேடு, களைப்பு, உணவில் மாற்றம், தன்னைத்தானே இழிவாகக் கருதுதல், கவனமின்மை, மந்தம் அல்லது நிலைகொள்ளாமை, சாவைப் பற்றிய எண்ணம் ஆகிய ஒன்பதும் எத்தனை நாட்கள் இருந்தன என்று அது கேட்கிறது. இல்லையெனில் 0, சில நாட்கள் எனில் 1, பாதிக்கு மேற்பட்ட நாட்கள் எனில் 2, ஏறக்குறைய நாள்தோறும் எனில் 3. மொத்தம் 27. ஐந்துக்கு மேல் இலேசான சோர்வு. பத்துக்கு மேல் மருத்துவரைக் காண வேண்டிய நிலை. இருபதைத் தொட்டால் கடுமை.

சென்னையில் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் இத்தாளைப் பன்னிரண்டு வினாக்களாகத் திருத்தியமைத்து, நகரில் 25,455 பேரிடம் ஆய்வு நடத்தி 2009-இல் வெளியிட்டனர். நூற்றுக்கு 15.1 பேரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. ஆண்களில் 13.9, பெண்களில் 16.3. வருவாய் குறைந்தோரிடம் இன்னும் மிகுதி. பெருந்தொற்று வருவதற்குப் பத்தாண்டுகட்கு முந்தைய கணக்கு இது என்பதை நினைவிற் கொள்க.

அச்சமும் சோர்வும் ஒன்றல்ல. நமக்குப் பழக்கமான உவமையால் கூறுகிறேன். விரலைக் குத்திப் பார்க்கும் சர்க்கரை அந்த நேரத்து நிலையைக் காட்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை வேறு. அச்சம் முதலாவதைப் போன்றது. ஒரு செய்தியால் ஏறும், ஓர் ஆறுதலால் இறங்கும். மனச்சோர்வு இரண்டாவதைப் போன்றது. ஓசையின்றிச் சேர்ந்து ஓசையின்றி அரிக்கும். ஒன்றை அளந்துவிட்டு மற்றதையும் அறிந்துவிட்டதாக எண்ணலாகாது.

எண் ஏமாற்றும் இடங்கள்

சகோதரர்களே! ஊரடங்குக் காலத்தில் என்னிடம் தொலைபேசியில் துஆ கேட்டவர்களுள் மூவரைப் பற்றி, ஊரும் பெயரும் குறிக்காமல், சொல்ல விழைகிறேன்.

முதலாமவர் ஒரு மூதாட்டி. விடியற்காலையில் கை வியர்த்து, நெஞ்சு படபடத்து, உயிர் போவது போல் ஆகிறது என்றும், கொரோனா அச்சமே காரணம் என்றும் வீட்டார் கூறினர். ஓதிப் பார்க்கும்படி வேண்டினர். அவருடைய பேரன் அந்நேரத்தில் சர்க்கரையை அளந்து பார்த்தான். 58 என்று காட்டிற்று. 70-க்குக் கீழே இறங்கினால் தாழ்சர்க்கரை. கவலையால் அம்மையார் இரவு உணவைக் குறைத்திருந்தார், மாத்திரையையோ குறைக்கவில்லை. சர்க்கரை கரைத்த நீர் அருந்தியதும் படபடப்பு அடங்கிற்று. பின்னர் மருத்துவர் மருந்தின் அளவை மாற்றியமைத்தார். உள்ளங்கை வியர்ப்பதும் நெஞ்சு படபடப்பதும் அச்ச வினாத்தாளில் உள்ள அடையாளங்கள்; தாழ்சர்க்கரையின் அடையாளங்களும் அவையே. அவ்வாறே களைப்பு, உறக்கக் கேடு, பசி மாற்றம் ஆகியவை மனச்சோர்வுத் தாளிலும் உண்டு. உயர்ந்த சர்க்கரையிலும் உண்டு. இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுபவருக்கு உறக்கம் எங்ஙனம் வரும்? ஆதலால் நீரிழிவு உடையவரின் மனத்தை அளப்பவர் அவருடைய சர்க்கரையையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

இரண்டாமவர் நடுவயதினர். ரூபாய் நோட்டுகளைக் கூடக் கழுவி உலர்த்தினார். நாளொன்றுக்குப் பலமுறை காய்ச்சல் பார்த்தார். அவருடைய அச்சம் எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்ததால் வீட்டார் ஆறுதல் கூறினர். மருத்துவர் தொலைபேசியில் விளக்கினார். தடுப்பூசி போட்டபின் மெல்ல மெல்ல இயல்புக்குத் திரும்பினார்.

மூன்றாமவரைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்தேன். அவருக்கு அச்சமே இல்லை. முகக்கவசம் இல்லை. மாத்திரை இல்லை. பரிசோதனை இல்லை. 'வந்தால் வரட்டும், அல்லாஹ் நாடியது நடக்கும்' என்பார். என்னே தவக்குல், என்னே ஈமான் என்று சிலர் அவரைப் புகழ்ந்தனர். அச்சத்தை அளக்கும் ஏழு வினாக்களை அவரிடம் கேட்டிருந்தால் ஏழே மதிப்பெண் பெற்றிருப்பார். ஆனால் அவருடைய துணைவியார் சொன்னது வேறு. பேரப்பிள்ளைகளை அவர் மடியில் தூக்குவதில்லை. விரும்பி உண்ட உணவை வைத்தால் பார்ப்பதுமில்லை. இரவெல்லாம் விழித்து மேற்கூரையைப் பார்த்துக் கிடக்கிறார். தாம் இருந்து யாருக்கு என்ன பயன் என்று கேட்கிறார். நற்பேறாக, மகன் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவருக்கு நேர்ந்திருந்தது மனச்சோர்வு என்று அங்கே அறியப்பட்டது. சில மாதச் சிகிச்சைக்குப் பின் அவர் மாத்திரையை மீண்டும் உட்கொள்ளலானார். பள்ளிவாசல் வரிசையிலும் வந்து நின்றார்.

தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டுவது என்று நாம் சிறு வயது முதல் கற்றிருக்கிறோம். வாழ்வில் நாட்டமிழந்து கயிற்றைக் கைவிடுவதற்குத் தவக்குல் என்று பெயரில்லை. வெளியில் இருந்து பார்ப்போர்க்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். வேறுபாட்டைக் காட்டுவது ஒரு கேள்விதான்: 'உங்களுக்கு எதிலாவது விருப்பம் இருக்கிறதா?' அந்தக் கேள்வியை எவரும் கேட்காமல் விட்டிருந்தால் அவருடைய துன்பம் ஒரு நற்குணமாகவே புகழப்பட்டுப் புதைந்து போயிருக்கும்.

முன்னோர் காட்டிய வழி

உள்ளத்தின் நோயைப் பேசுவது மேலைநாட்டார் புகுத்திய புதுமை என்று எண்ண வேண்டாம். ஹிஜ்ரி 322-இல், அதாவது கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர் உடல்களின் நலனையும் உள்ளங்களின் நலனையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்பது அந்நூலின் பெயர். கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் என உள்ளத்தின் துன்பங்களை அவர் வகுத்தார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணம் புலப்படாத துக்கம் மற்றொன்று என்று பிரித்து, பின்னதற்கு உடலிலும் காரணம் உண்டு என்று விளக்கினார். துக்கமுற்றவனை ஈமான் குறைந்தவன் என்று சொல்லி அவர் ஒதுக்கவில்லை. மருத்துவம் தேவைப்படுபவன் என்றே கருதினார்.

அதற்கும் முன்னர், ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டளவில் ஷாம் பகுதியில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, அங்கே சென்று கொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தோழர்களுடன் ஆலோசித்து வழியிலேயே திரும்பினார்கள். அஞ்சி ஓடியதாக அதனை எவரும் கொள்வதில்லை. ஆலோசனையின் பேரில் எடுத்த எச்சரிக்கை அது.

அளவை என்பதும் நம் மார்க்க வாழ்வுக்குப் புதிதன்று. ஸகாத்துக்கு நிஸாப் அளக்கிறோம். தொழுகைக்கு நேரம் கணிக்கிறோம். நோன்பிலும் இன்று அளவை வந்துவிட்டது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் நீரிழிவும் ரமலானும் பற்றிய கூட்டமைப்பும் இணைந்து 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நீரிழிவு உடையவர் நோன்பு நோற்பதன் அபாயத்தை மதிப்பெண்ணிட்டுக் குறைவு, நடுத்தரம், மிகுதி என்று பகுத்துள்ளனர். மருத்துவர் அவ்வாறு கணித்துக் கூறிய பின்னரே நாமும் நோன்பாளிக்கு மார்க்க விளக்கம் அளிக்கிறோம். உடலுக்குப் பொருந்துவது உள்ளத்திற்கும் பொருந்தாதா?

எந்த மொழியில் கேட்பது?

நம் ஊர் மூன்று மாநிலங்களின் வாசனை கலந்த ஊர். வீட்டில் உருது, கடையில் தமிழ், சந்தையில் தெலுங்கு, வேலைக்குச் செல்லும் இடத்தில் கன்னடம். 'உங்களுக்கு மனச்சோர்வு உள்ளதா?' என்று அச்சிட்ட தாளை நீட்டினால் நம் மூதாட்டியர் 'இல்லை' என்றே கூறுவர். அவர்கள் அறிந்த சொற்கள் வேறு. 'தில் கப்ராத்தா', 'ஜீ நை லக்தா' என்பர் உருது பேசுவோர். 'பேஜாரா இருக்கு' என்பர் தமிழிலும் கன்னடத்திலும். தலைபாரம், நெஞ்செரிச்சல், உடம்பெல்லாம் வலி என்று உடலின் மீது ஏற்றிக் கூறுவோரும் உளர். ஆதலால் வினவுபவர் அவரவர் வீட்டு மொழியில் வினவ வேண்டும்.

ஏழு வினாக்களுக்குள் அடங்காத அச்சமும் ஒன்றுண்டு. அந்நாட்களில் நம்மவர் பலர் சாவுக்கு அஞ்சியதை விட, குளிப்பாட்டுதலும் கஃபனும் ஜனாஸாத் தொழுகையும் இன்றி, பிள்ளைகள் முகம் பாராமல் அடக்கம் செய்யப்படுவோமோ என்றே அஞ்சினர். பல ஊர்களில் நம் இளைஞர்கள் பாதுகாப்பு உடையணிந்து, மதம் பாராது, அடக்கப் பணிகளை நிறைவேற்றியது அவ்வச்சத்திற்குச் சிறந்த மருந்தாயிற்று. வெளிநாட்டுத் தாளை அப்படியே பெயர்த்தால் இந்த அச்சம் எண்ணில் வராது. எனவே தாளில் உள்ளதைக் கேட்ட பின், 'இதில் கேட்காதது ஏதேனும் உம் மனதில் உண்டா?' என்ற ஒரு வினாவைக் கூட்டிக் கொள்வது நல்லது.

அளந்தால் பயன் உண்டா?

உண்டு, அளந்ததோடு நில்லாமல் பின்தொடர்ந்தால் மட்டுமே உண்டு. பெருந்தொற்றுக்கு முன்னர்த் தொடங்கி, முடிவுகள் 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கூறுவேன். சென்னை, பெங்களூர், விசாகப்பட்டினம், தில்லி ஆகிய நான்கு நகரங்களின் நீரிழிவு மருத்துவ நிலையங்களில், மனச்சோர்வும் கட்டுப்பாடற்ற சர்க்கரையும் ஒருங்கே உடைய 404 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம். மற்றப் பிரிவினருக்கோ, மருத்துவரல்லாத பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் அவர்தம் சோர்வையும் சர்க்கரையையும் தவணைதோறும் அளந்து, பேசி, ஊக்கமளித்து, மருத்துவர்களுக்கு நிலவரம் அறிவித்து வந்தார். இரண்டாண்டுகளின் முடிவில் சோர்வு பாதியாகக் குறைந்து, அத்துடன் சர்க்கரை, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் சீரடைந்தவர்கள், பின்தொடரப்பட்ட பிரிவில் நூற்றுக்கு 71.6 பேர், வழக்கமான பிரிவில் 57.4 பேர். புதிய மருந்து ஏதும் கண்டுபிடிக்கப்படவில்லை. தொடர்ந்து கேட்க ஒருவர் இருந்தார் என்பதே வேறுபாடு.

நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் துவக்கி வைக்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை வந்த வீட்டில் மனிதரின் மனநிலையை விசாரிக்கும் கடமையையேனும் ஜமாஅத் ஏற்க வேண்டாமா?

என் வேண்டுகோள்கள்

நிர்வாகக் குழுவினரின் மேலான பரிசீலனைக்கு ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

1. சர்க்கரை முகாமில் எண் எழுதியபின், நாட்டமின்மை, மனவாட்டம் பற்றிய முதல் இரண்டு வினாக்களை மட்டும் கேட்கலாம். இவ்விரண்டில் மட்டும் 6-க்கு 3 அல்லது மேல் பெற்றவரிடம் ஒன்பதையும் கேட்கலாம். கேட்பவர் பயிற்சி பெற்றவராக இருத்தல் வேண்டும். பெண்களிடம் தனி அறையில் பெண்களே கேட்க வேண்டும்.

2. எண் நோயின் பெயரன்று. பத்துக்கு மேல் பெற்றவர் மருத்துவரைக் காண வேண்டியவர் என்பதே அதன் பொருள். மனச்சோர்வு உண்டா, இல்லையா என்று தீர்மானிப்பது மருத்துவரே. ஜமாஅத்தும் அன்று, இமாமும் அன்று.

3. சாவைப் பற்றிய ஒன்பதாம் வினாவுக்கு ஒருவர் 'இல்லை' என்பதன்றி வேறு எவ்விடை தந்தாலும், மொத்த எண்ணைப் பாராமல், அன்றே அவருக்குத் துணை நிற்க வேண்டும், தனியே விடலாகாது. 2022 அக்டோபர் 10 அன்று துவங்கப்பட்ட டெலி மனஸ் என்னும் அரசின் இலவச மனநலத் தொலைபேசி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். ஓசூர் அரசு மருத்துவமனையையும் நாடலாம்.

4. தாள் ஜமாஅத் அலுவலகத்தில் தங்கக் கூடாது. எழுதியவர் கையிலேயே அதனைக் கொடுத்துவிட வேண்டும். எத்தனை பேர் என்ற கணக்கு மட்டும் அறிக்கைக்குப் போதும்.

5. மூன்று மாதத்திற்கு ஒருமுறை மீண்டும் அளக்க வேண்டும். ஒருமுறை அளந்த சர்க்கரை ஆயுள் முழுமைக்கும் போதாது அல்லவா?

இவற்றைக் கேட்டுச் சிலர் தயங்கக் கூடும். 'பைத்தியம் என்று பெயர் வந்துவிடும். பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள்' என்பர். இந்தக் கவலையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். சம்பந்தம் பேசும் இடத்தில் ஒரு வதந்தி என்ன செய்யும் என்பதை நிக்காஹ் பதிவேடு எழுதுபவன் அறிவேன். ஆதலால்தான் நான்காம் கோரிக்கையில் இரகசியத்தை வற்புறுத்தினேன். எனினும், பெங்களூர் செல்லும்போது ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையைக் கடக்கும் நம்மவர் அதனைச் சுட்டிக் கேலி பேசுவதை நிறுத்த வேண்டும். 2020-இல் நாடே அஞ்சி நடுங்கியபோது தொலைபேசி வழி மன ஆறுதல் அளிக்க முன்வந்த நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. சர்க்கரை நோயை ஒரு காலத்தில் மறைத்தோம். இன்று திருமண விருந்திலேயே 'எனக்குச் சர்க்கரை, பாயசம் வேண்டாம்' என்று உரக்கச் சொல்கிறோம். சொல்லப் பழகியதால் வெட்கம் நீங்கிற்று. மனத்தின் வாட்டமும் அவ்வாறே சொல்லப் பழகினால் வெட்கம் நீங்கும்.

'துஆ ஓதினால் போதாதா?' என்பர் வேறு சிலர். துஆ ஓதுங்கள், நானும் ஓதுகிறேன். இன்சுலின் போட்டுக் கொண்டே ஷிஃபாவுக்கு துஆ கேட்கிறோம். மனச்சோர்வுக்கு மருந்து உண்டு கொண்டே துஆ கேட்பதற்கு மட்டும் தடை எங்கிருந்து வந்தது?

கண்ணியத்திற்குரியவர்களே! உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா அவசர நிலை முடிவுற்றதாக அறிவித்தது. கிருமியின் அவசரம் முடிந்தது. அன்று விட்ட நடையைப் பலர் இன்னும் தொடங்கவில்லை. அன்று நின்ற பரிசோதனையைச் சிலர் இன்னும் செய்து கொள்ளவில்லை. பெற்றோரையோ துணையையோ இழந்தவர்களின் மௌனம் இன்னும் கலையவில்லை. இவர்களுள் எவர் அச்சத்தால் விலகி நிற்கின்றனர், எவர் சோர்வால் ஒடுங்கிக் கிடக்கின்றனர் என்பதைக் கேட்டால்தான் அறிய முடியும். அடுத்த கொள்ளைநோய் வருமோ வராதோ, இறைவனே அறிவான். வருமாயின், யாரிடம் முதலில் சென்று நலம் விசாரிக்க வேண்டும் என்பதை அறிந்த ஜமாஅத்தாக நாம் இருக்க வேண்டும்.

இக்கூட்டம் முடிந்து செல்லும்போது, தத்தம் வீட்டில் சர்க்கரை மாத்திரை உண்ணும் ஒருவரிடம் இன்றைய அளவு என்ன என்று கேளுங்கள். கேட்டபின் எழுந்து போய்விடாமல் அருகில் அமர்ந்து, மனம் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். விடையைப் பொறுமையுடன் கேட்டிருங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தை அருள்வானாக! அந்நாட்களில் நம்மை விட்டுப் பிரிந்தோரின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! நம் ஜமாஅத்தின் பணிகளில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.